"ஃபார்மட் செய்யவா?" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் திறக்க மறுக்கிறது என்று எழுதியிருந்த ஒரு வாசகருக்கு, தங்கள் இதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில், "செக் டிஸ்க் ஓட்டிப் பாருங்கள், சரிவராவிட்டால் ஃபார்மட் செய்யுங்கள்" என்று பதில் வந்திருந்தது. (செக் டிஸ்க் என்பது கோப்பு அமைப்பின் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் நிரல்.) டிஸ்க் மறுபடி ஓடினால் போதும் என்பவருக்கு அந்தப் பதில் பொருந்தும். கேட்டவரோ, குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன என்று எழுதியிருந்தார். அவருக்கு அந்தப் பதில் பெருங்கேடு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் தமிழ் வீடுகளில் உள்ள டிஸ்க்குகளில் இருப்பவை சாதாரணப் பொருள்கள் அல்ல. 1860 முதல் நேட்டாலுக்கு வந்த கப்பல்களின் ஆள் பட்டியல்களைப் படமெடுத்த பக்கங்கள், ஒப்பந்தக் கூலியாக வந்த பூட்டனாருக்குத் தரப்பட்ட காலனி எண் எழுதிய தாள்கள், தைப்பூசக் காவடி வீடியோ, ஊர்ப் பெரியவர்கள் பாடிய தேவாரத்தின் ஒலிப்பதிவு எனப் பலவும் ஒரே ஒரு பிரதியாக, ஒரே ஒரு டிஸ்க்கில் கிடக்கின்றன. பழுது பார்க்கும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது இவற்றை. டிஸ்க்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் காட்டும் பெட்டியை நோய் கண்டுபிடித்துச் சொன்ன சீட்டாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படிப்பட்டதே அல்ல. டிஸ்க்கின் கோப்பு அமைப்பை என்னால் படிக்க முடியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். கேபிள் ஆடினாலும் அந்தப் பெட்டி வரும். மேக் கணினியில் தயாரித்த டிஸ்க்கை விண்டோஸில் செருகினாலும் வரும். முதல் செக்டரில் (செக்டர் என்பது டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் சிறு கட்டம்) சில பைட்டுகள் கெட்டாலும், உள்ளே படிக்கும் ஹெட் சாகும் தறுவாயில் இருந்தாலும் அதே பெட்டிதான். ஆகவே கேன்சல். "டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவும்" என்று கேட்டாலும் கேன்சல்தான், ஏனென்றால் டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பகுதிப் பட்டியலை அது புதிதாக எழுதிவிடும்.

கோப்பு அமைப்பு என்பது புத்தகத்தின் பொருளடக்கம் போன்றது. அந்தப் பக்கம் கிழிந்தாலும் மற்றப் பக்கங்கள் அப்படியே இருக்கும். க்விக் ஃபார்மட் புதிய, வெற்றுப் பொருளடக்கத்தை எழுதுகிறது. பழைய தரவின் பெரும்பகுதி கீழே தங்கியிருக்கும். முழு ஃபார்மட் வேறு சங்கதி. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது டிஸ்க் முழுவதிலும் பூச்சியத்தை எழுதுகிறது. அதன் பிறகு எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் எடுக்க ஒன்றும் இருக்காது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. எஸ்எஸ்டிகளிலும் (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் எழுதுபவை), தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எஸ்எம்ஆர் முறையில் எழுதும் சில புதிய ஹார்ட் டிஸ்க்குகளிலும், எந்த இடம் காலி என்பதை டிஸ்க்குக்குச் சொல்லிவிடும் டிரிம் என்ற வசதி இருக்கிறது. அவற்றில் க்விக் ஃபார்மட்டே தரவைக் கைக்கு எட்டாததாக ஆக்கிவிடக்கூடும். தங்கள் பதிலைப் படித்து யாராவது ஏற்கனவே க்விக் ஃபார்மட் செய்திருந்தால், அந்த டிஸ்க்கில் ஒரு கோப்பைக்கூட எழுதாமல் உடனே கழற்றி வைக்கட்டும்.

இனி எதிலிருந்து தொடங்குவது? காதிலிருந்து. டிஸ்க்கைச் செருகி, அறையில் சத்தமில்லாமல் வைத்துக் கேளுங்கள். மெல்லச் சுழன்று, ஒரு சீரான இரைச்சலில் நிலைத்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது. "டிக்... டிக்... டிக்" என்று ஒரே தாளத்தில் அடித்துப் பிறகு அடங்கினால், ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தேடுகிறது. சுழலாமல் மெல்லிய "பீப்" அல்லது ரீங்காரம் வந்தால், பெரும்பாலும் ஹெட், தரவு பதிந்திருக்கும் தட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லையேல் மோட்டார் இறுகியிருக்கும். கீழே விழுந்த டிஸ்க்குகளில் இதை அடிக்கடி காணலாம். இந்த இரண்டு சத்தங்களில் எது கேட்டாலும் மின்சாரத்தைத் துண்டியுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்ப்போமே என்ற ஆசைதான் தட்டைச் சுரண்டித் தரவைத் தூளாக்குகிறது. ஹெட் பறக்கும் உயரம் சில நானோமீட்டர். ஒரு தூசியே அதற்கு மலை. வீட்டு மேசையில் மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது. ஃபிரீசரில் வைத்து எடுக்கும் பழைய யோசனையும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்ததும் தட்டின் மேல் நீர் வியர்க்கும். டர்பன் காற்றின் ஈரத்தில் சொல்லவே வேண்டாம்.

சத்தமே இல்லையென்றால், அல்லது சத்தம் சீராக இருந்தும் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால், மின்சாரத்தையும் கேபிளையும் பாருங்கள். கடைக்கு வரும் டிஸ்க்குகளில் கணிசமானவை இங்கேயே சரியாகிவிடுகின்றன. கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. யூஎஸ்பி துளையிலிருந்து வருவதுதான் அதன் உணவு. யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், 3.0 துளை தர வேண்டியது 900. மோட்டார் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் டிஸ்க் ஓட்ட நேரத்தைவிட அதிகம் இழுக்கும். கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளை, அடாப்டர் இல்லாத ஹப், நீளமான கேபிள் மூன்றும் சேர்ந்தால் மோட்டார் பாதியில் நின்று மறுபடி தொடங்கும். அதைக் கேட்டு டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பின்பக்கம், மதர்போர்டிலேயே உள்ள துளையில், அரை மீட்டருக்கு மேற்படாத கேபிளால் செருகிப் பாருங்கள்.

அகலமான, இரண்டு அறைகள் கொண்ட மைக்ரோ-பி முனைதான் பழைய டிஸ்க்குகளின் பலவீனமான இடம். ஒரு பக்கம் தளர்ந்தாலும் தொடர்பு வந்து வந்து போகும். டைப்-சி முனை உள்ள டிஸ்க்குகளுக்கு வேறு தொல்லை. ஃபோன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பல மின்சாரத்தை மட்டும், அல்லது யூஎஸ்பி 2.0 வேகத்தில் மட்டும் கடத்துபவை. டிஸ்க்குடன் வந்த கேபிளையே தேடி எடுங்கள்.

பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், பெரும்பாலும் 1.5 முதல் 2 ஆம்பியர். தென்னாப்பிரிக்க வீடுகளில் இங்கேதான் ஒரு விபத்து நடக்கிறது. ரவுட்டர், லேப்டாப், டிஸ்க் என எல்லா அடாப்டரும் ஒரே மல்டிபிளக்கில் தொங்கும், முனைகளும் ஒன்றுபோல் இருக்கும். லேப்டாப்பின் 19 வோல்ட் முனையை டிஸ்க்கில் செருகினால் அதன் மின்சுற்றுப் பலகையான போர்டு கருகும். அதிர்ஷ்டம் இருந்தால் பாதுகாப்பு டயோடு மட்டும் எரிந்து தட்டு தப்பிக்கும். ரவுட்டருக்காக வாங்கிய மினி யூபிஎஸ்ஸில் இந்த டிஸ்க்கை ஓட்டுவதும் வேண்டாம். 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், மோட்டார் கிளம்பும்போது கேட்கும் ஆம்பியரை அது தாங்காமல் விழுந்துவிடக்கூடும்.

கருகிய போர்டுக்குப் பதில் அதே மாதிரி டிஸ்க்கிலிருந்து இன்னொரு போர்டைக் கழற்றிப் போடுவது முன்பு நடந்தது. இப்போதைய டிஸ்க்குகளில் அது மட்டும் போதாது. அந்தந்த ஹெட்டுக்குரிய அளவீடுகள் போர்டில் உள்ள எட்டுக் கால் ரோம் (ROM) சில்லில் இருக்கின்றன. அந்தச் சில்லையும் இடம் மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

கேபிளை மாற்றி, வேறு கணினியிலும் செருகிப் பார்த்துவிட்டீர்கள். அங்கே திறந்தால் குற்றம் முதல் கணினியின் மேல். டிவைஸ் மேனேஜரில் அந்த யூஎஸ்பி சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்து, டிஸ்க்கைக் கழற்றி, கணினியை மறுதொடக்கம் செய்து மறுபடி செருகுங்கள். யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரம் மிச்சம் பிடிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு கணினி, இரண்டு கேபிள் இரண்டிலும் டிவைஸ் மேனேஜரில் "கோட் 43" என்ற பிழை வந்தால், கணினியை நோண்டுவதில் பயனில்லை. டிஸ்க்கோ அதன் பாலம் போர்டோதான் கெட்டிருக்கிறது.

பாலம் போர்டு என்பது பெட்டிக்குள் யூஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைக்கும் சின்னப் பலகை. அது மட்டும் கெட்டால், டிஸ்க்கைக் கழற்றி, கணினிக்குள் டிஸ்க்குகளை இணைக்கும் சாடா கேபிளில் நேராக மாட்டிப் படித்துவிடலாம் என்பது பரவலான யோசனை. பல டிஸ்க்குகளில் அது நடக்கும். ஆனால் மூன்று இடங்களில் இடிக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். உள்ளே சாடா முனையே இருக்காது. அதே நிறுவனத்தின் மை பாஸ்போர்ட், மை புக் மாதிரிகள் பலவற்றில், நீங்கள் கடவுச்சொல் வைக்காவிட்டாலும் தரவு சங்கேதமாகவே எழுதப்படும். அந்தப் போர்டு இல்லாமல் அதைப் படிக்க முடியாது. மூன்றாவது, சில பெட்டிகள் 512 பைட் செக்டரை 4096 பைட்டாகக் கணினிக்குக் காட்டுபவை. அந்த டிஸ்க்கை நேராக மாட்டினால், தரவு முழுதாக இருந்தும், கோப்பு அமைப்பைப் படிக்க முடியாத "ரா" டிஸ்க் என்று தெரியும். பதறிப்போய் ஃபார்மட் செய்துவிடாதீர்கள். அதே மாதிரிப் பெட்டி ஒன்றில் போட்டால் திறந்துகொள்ளும்.

டிஸ்க் சீராகச் சுழல்கிறது, கணினியும் ஒலி எழுப்பி ஏற்றுக்கொள்கிறது, ஆனால் எக்ஸ்ப்ளோரரில் காணோம். இப்போது ஸ்டார்ட் பொத்தானை வலது க்ளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். பகுதி "ஹெல்தி" என்று இருந்து, E:, F: போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால், கார்டு ரீடரோ நெட்வொர்க் டிரைவோ அந்த எழுத்தைப் பிடித்திருக்கும். வலது க்ளிக் செய்து புதிய எழுத்து கொடுத்தால் முடிந்தது. "ஆஃப்லைன்" என்றால், பெரும்பாலும் ஒன்றை மற்றொன்றிலிருந்து குளோன் செய்த இரண்டு டிஸ்க்குகள் ஒரே அடையாளத்துடன் மோதுகின்றன. மற்றதைக் கழற்றிவிட்டு ஆன்லைன் ஆக்குங்கள். "ரா" என்றால் கோப்பு அமைப்பு படிக்கவில்லை. "அன்அலொகேட்டட்" என்றால் பகுதிப் பட்டியலே போயிருக்கிறது. அங்கே "நியூ சிம்பிள் வால்யூம்" கொடுக்கவே கூடாது. அளவு பூச்சியம் அல்லது "நோ மீடியா" என்றால் பாலம் போர்டு பதில் சொல்கிறது, டிஸ்க் சொல்லவில்லை. அதற்கு எந்த மென்பொருளும் மருந்தல்ல, இணையத்தில் விற்பவர்கள் என்ன சொன்னாலும் சரி. 2 டெராபைட் டிஸ்க் 1863 ஜிகாபைட் என்று காட்டுவது பழுது அல்ல, கணக்கிடும் முறையின் வேறுபாடு.

"ஆக்சஸ் இஸ் டினைட்" என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. டிஸ்க் நன்றாக இருக்கிறது. பழைய கணினியின் பயனர் பெயரில் உரிமை இருப்பதால் புதிய கணினி தடுக்கிறது. ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய் உரிமையாளரை மாற்றினால் திறக்கும். பூட்டுப் படத்துடன் கடவுச்சொல் கேட்டால் அது பிட்லாக்கர், விண்டோஸின் சங்கேதப் பூட்டு. கடவுச்சொல் மறந்திருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அந்தக் கணினியில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். சாவியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை என்றால் யாராலும் திறக்க முடியாது. மேக்கில் தயாரித்த டிஸ்க்கை மேக்கிலேயே செருகிப் பாருங்கள். விண்டோஸும் மேக்கும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபேட் கோப்பு அமைப்பு உள்ள டிஸ்க்கை முறையாக வெளியேற்றாமல் பிடுங்கியிருந்தால், மேக் அடுத்த முறை பின்னணியில் அதைச் சோதித்து முடிக்கும் வரை காட்டாது. பெரிய டிஸ்க்கில் இதற்கு மணிக்கணக்கில் ஆகும், பொறுத்திருங்கள். டிவியில் நிகழ்ச்சி பதிவு செய்யச் செருகிய டிஸ்க்கை டிவி தன் அமைப்புக்கு மாற்றியிருக்கும். அதைக் கணினி படிக்காது.

டிஸ்க் திறக்கிறது, ஆனால் பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கிறது, எக்ஸ்ப்ளோரர் உறைகிறது. இதுதான் மிகவும் ஆபத்தான கட்டம், ஏனென்றால் டிஸ்க் பாதி உயிரோடு இருக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள். 05 என்ற வரி மாற்றியமைத்த செக்டர்கள், சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 கைவிட்டவை. சி5, சி6 இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தட்டின் பரப்பு கெடத் தொடங்கிவிட்டது. சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் குற்றம் இணைப்பின் மேல், தட்டின் மேல் அல்ல.

பரப்பு கெட்ட டிஸ்க்கில் செக் டிஸ்க் ஓட்டக் கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செக் டிஸ்க் தரவைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டதல்ல. கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவது மட்டுமே அதன் வேலை. படிக்க முடியாத பதிவைச் சந்தித்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு, அதன் கீழ் இருந்த கோப்புகளைப் பெயரில்லாமல் "ஃபவுண்ட்.000" என்ற ஃபோல்டரில் கொட்டிவிடும். அதுவும் சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மேலேயே எழுதிக்கொண்டு. "ரா" என்று காட்டும் டிஸ்க்கிலோ அது ஓடவே ஓடாது.

செய்ய வேண்டியது, முதலில் டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராக இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. அதே அளவோ அதைவிடப் பெரிதோ ஆன, காலியான டிஸ்க் ஒன்று வேண்டும். லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து தொடங்கி, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸைவிட இது மேல், ஏனென்றால் விண்டோஸ் சிறுபடம் தயாரிக்கவும் வைரஸ் தேடவும் அந்த டிஸ்க்கைத் தானாகவே படித்துச் சோர்வடையச் செய்யும். டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் எளிதாகப் படிக்கும் இடங்களை அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போகும். பிறகு, விட்ட இடங்களை மூன்று முறை முயலச் சொல்லி இரண்டாம் சுற்று. எதை எடுத்தது, எதை விட்டது என்பதை மேப் கோப்பில் குறித்துக்கொண்டே வரும். அந்தக் கோப்பை மூன்றாவது ஒரு பென் டிரைவில் வையுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வசதி இல்லை. தொடங்கும் முன் எது மூலம், எது நகல் என்பதை டிஸ்க்கின் அளவையும் சீரியல் எண்ணையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும்.

நல்ல நிலையில் உள்ள 2 டெராபைட் டிஸ்க், நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில், ஐந்தரை மணி நேரத்தில் நகலாகும். யூஎஸ்பி 2.0 துளையில் 35 மெகாபைட்தான் கிடைக்கும், பதினாறு மணி நேரம். கெட்ட டிஸ்க்கில் நாள்கணக்கில் ஓடலாம். பக்கத்தில் ஒரு மின்விசிறி வையுங்கள்.

நகல் கிடைத்ததும் மூல டிஸ்க்கைப் பெட்டியில் வைத்துவிட்டு, நகலின் மேல் வேலை செய்யுங்கள். பகுதிப் பட்டியல் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி அதைத் தேடித் தரும். விண்டோஸின் வழக்கமான கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் தன் முதல் செக்டரின் பிரதியைப் பகுதியின் கடைசியில் வைத்திருப்பதால் அதையும் அதே கருவியில் மீட்கலாம். எதுவும் நடக்காவிட்டால் ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவி. அது கோப்புகளை உருவத்தை வைத்து அடையாளம் கண்டு எடுப்பதால் பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. ஆயிரக்கணக்கான படங்களை உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும். மீட்டவற்றை எழுதுவது எப்போதும் வேறொரு டிஸ்க்கில்.

இந்த ஊருக்கே உரிய இரண்டு காரணங்களையும் சொல்ல வேண்டும். 2007 இறுதியில் தொடங்கி 2023-இல் உச்சம் தொட்ட லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு, ஏராளமான டிஸ்க்குகளின் கோப்பு அமைப்பைக் குலைத்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்டிஎஃப்எஸ்ஸிடம் செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதை வைத்துப் பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு இல்லை. விண்டோஸ் கணினியில் மட்டும் பயன்படுத்தும் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் வைக்காதீர்கள். மின்சாரம் போனவுடன் டிஸ்க்கைக் கழற்றுங்கள். வந்த பிறகு சில நிமிடம் கழித்துச் செருகுங்கள், ஏனென்றால் திரும்பி வரும் கணத்தில்தான் மின்னழுத்தம் எகிறுகிறது.

மற்றது வெள்ளம். 2022 ஏப்ரலில் 400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன குவாசூலு-நேட்டால் வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குகளைப் பலர் வெயிலில் காயவைத்து, அரிசியில் புதைத்து, பிறகு மின்சாரம் கொடுத்தார்கள். சேறும் உப்பும் தட்டின் மேல் காய்ந்து இறுகினால் ஹெட் அதில் மோதும். நனைந்த டிஸ்க்கைக் காயவிடாமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடி, மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மின்சாரம் கொடுக்கவே கூடாது.

கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் டிஸ்க்கைக் கையில் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: முதலில் முழு நகல் எடுப்பீர்களா, மூல டிஸ்க்கின் மேலேயே வேலை செய்வீர்களா? ஹெட் மாற்ற வேண்டியிருந்தால் தூசியற்ற அறை உங்களிடம் உண்டா, வெளியே அனுப்புவீர்களா? ஒன்றும் கிடைக்காவிட்டால் கட்டணம் எவ்வளவு? நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தில் விட வேண்டாம். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 15-இன்படி, மதிப்பீடு கொடுத்து உங்கள் ஒப்புதல் பெறாமல் பழுதுபார்ப்புக்குப் பணம் கேட்கக் கூடாது. வேண்டாம் என்று நீங்களே விட்டுக்கொடுத்திருந்தால் ஒழிய. பிரிவு 56-இன்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பி, பழுதுநீக்கம், மாற்று, பணம் மூன்றில் ஒன்றை நீங்கள் கேட்கலாம். ஆனால் திருப்பிக் கொடுக்கும் டிஸ்க்கோடு உள்ளே உள்ளதும் போய்விடும். உத்தரவாதம் டிஸ்க்குக்குத்தான், படங்களுக்கு அல்ல. அதனால் தரவை எடுக்க முடியும் என்றால் எடுத்த பிறகே திருப்புங்கள். பெட்டியை உடைத்துத் திறந்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதையும் அதற்கு முன் கணக்கில் வையுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் பணியில் உள்ள வாசகர்கள்,
சாட்ஸ்வர்த், டர்பன்.